கல்லிடைக் கிடந்த நீர்வண்டு

தாம்பரத்திற்குக் கிழக்கே, வேளச்சேரிக்குச் செல்லும் சாலையில் ராஜகீழ்ப்பாக்கம் என்னும் ஊர் உளது. முன்னாளில் வயல்கள் சூழ்ந்த சிற்றூராக இருந்த இது, இன்று சென்னையின் தென்புறத்துக் குடியிருப்புகளுள் ஒன்றாகி, தாம்பரம் மாநகராட்சியில் அடங்கியுள்ளது. வீடுகள் பெருகிவிட்டன, எனினும் ஊரின் ஏரி இன்னும் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் வடகிழக்குப் பருவமழை பெய்து இத்தகைய ஏரிகளில் நீர் பெருகிய பின்னர், ஒரு மாலைப்பொழுதில் கரையோரத்தில் சற்று நேரம் அசையாமல் அமர்ந்து பாருங்கள். பளபளப்பான கரிய வண்டுகள் சில, நீரின் மேற்பரப்பில் வட்டமிட்டுச் சுழன்றுகொண்டிருக்கும். வேறொரு பெரிய வண்டு ஆழத்திலிருந்து மேலெழுந்து, தன் உடலின் பின்முனையை மட்டும் நீருக்கு வெளியே ஒரு கணம் நீட்டிவிட்டு, மீண்டும் உள்ளே மூழ்கி மறையும். அன்றிரவே அவ்வினத்து வண்டு ஒன்று ஏரியை விட்டுப் பறந்து வந்து, தெருவிளக்கின் கீழே விழுந்து கிடப்பதையும் நீங்கள் காணக்கூடும்.

இவை யாவும் நீர்வண்டுகள். நிலத்தில் வாழ்ந்த வண்டுகளின் வழித்தோன்றல்களாகிய இவை, நீர்வாழ்க்கைக்கு ஏற்ப உடலமைப்பில் மாறுதல் பெற்றவை. உலகில் இதுவரை அறிவியலார் பெயரிட்டுள்ள வண்டினங்கள் ஏறத்தாழ 4 இலட்சம் ஆகும். அவற்றுள் நீரில் வாழ்பவை ஏறத்தாழ 13,000. இவ்வளவு பெயர்களும் எவ்வாறு தோன்றின? ஒரு வண்டைக் கையிலெடுத்து, 'இஃது இதுவரை எவரும் அறியாத புதிய இனம்' என்று ஒருவர் எவ்வாறு துணிந்து கூறுகிறார்? அவ்வண்டு உயிரோடிராமல், பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மண்ணில் புதைந்து போனதாயின், அவர் எதனைக்கொண்டு அதனை அடையாளம் காண்கிறார்? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

உடலே ஓர் ஏடு

முதலில் உயிருள்ள நீர்வண்டுகளை நோக்குவோம். நீரில் மூழ்கி இரைதேடும் வண்டின் பின்கால்கள் துடுப்பைப் போலத் தட்டையானவை. அவற்றின் ஓரங்களில் மயிர்கள் வரிசையாக அடர்ந்திருக்கும். இது படகோட்டி இரு துடுப்புகளையும் ஒருங்கே வலிப்பதுபோல, இரு பின்கால்களையும் ஒரே நேரத்தில் உதைத்து நீந்தும். முதுகின்மேல் மூடியிருக்கும் கடினமான முன்சிறகுகளுக்கு அடியில் காற்றைச் சேர்த்துவைத்துக்கொள்ளும். அக்காற்றைப் புதுப்பித்துக்கொள்வதற்காகவே அது பின்முனையை நீருக்கு வெளியே நீட்டுகிறது.

அழுகிய செடிகொடிகளை உண்டு வாழும் மற்றொரு வகை நீர்வண்டின் வழக்கமே வேறு. அது கால்களை ஒன்றன்பின் ஒன்றாக மாற்றி மாற்றி அசைத்துச் செல்லும். மூச்சுக் காற்றைப் பெறுவதற்குத் தலைப்பக்கமாக மேலே வரும். அதன் வயிற்றுப் புறத்தில் ஒட்டிய காற்று, நீருக்குள் வெள்ளித் தகடுபோல மின்னும். நீரின் மேற்பரப்பில் சுழலும் வண்டிற்கோ ஒவ்வொரு கண்ணும் இரண்டாகப் பிரிந்துள்ளது. மேற்பகுதி நீருக்கு மேலே உள்ளவற்றையும், கீழ்ப்பகுதி நீருக்குள்ளே உள்ளவற்றையும் நோக்குகின்றன.

இவ்வேறுபாடுகளை நாம் ஏன் நினைவிற்கொள்ள வேண்டும்? வண்டின் வாழ்க்கை முழுவதும் அதன் உடலில் எழுதப்பட்டிருக்கிறது. துடுப்புக் காலைக் கண்டால் நீந்தியது என்றும், பிரிந்த கண்ணைக் கண்டால் நீரின் மேற்பரப்பில் சுழன்றது என்றும் அறியலாம். உயிர் நீங்கிய பின்னரும் இவ்வெழுத்து உடனே அழிந்துவிடுவதில்லை. படிக்கத் தெரிந்தவர்க்கு வண்டின் உடல் ஓர் ஏடாகும்.

மண் காத்த சிறகுறை

ஏரியில் இறந்த வண்டின் மென்மையான தசை சில நாட்களில் அழுகிவிடும். ஆனால் அதன் மேற்போர்வை அத்துணை எளிதில் கெடுவதன்று. அது கைட்டின் என்னும் கடினமான பொருளால் ஆனது. முதுகை மூடும் முன்சிறகுகள் இரண்டும் பறப்பதற்குப் பயன்படாமல் கவசம்போல் இறுகியிருப்பதால், அவற்றைச் சிறகுறை என்பர். ஏரியின் அடியில் காற்றுப் புகாத மெல்லிய சேறு படிந்து இச்சிறகுறையை மூடிவிட்டால், அது நெடுங்காலம் நிலைத்திருக்கும். ஆண்டுதோறும் சேறு அடுக்கடுக்காகப் படிகிறது. காலப்போக்கில் அஃது இறுகிக் கல்லாகவும் மாறுகிறது. இவ்வாறு மண்ணிலும் கல்லிலும் தங்கிய பண்டை உயிர்களின் எச்சத்தையே புதைபடிவம் என்கிறோம்.

முழு வண்டு கிடைப்பது அரிது. பெரும்பாலும் ஒரு சிறகுறை, தலைக்கும் சிறகுறைக்கும் இடையேயுள்ள முன்முதுகுத் தகடு, ஒரு தலை, ஒரு கால் எனத் துண்டுகளே கிடைக்கும். கல்லாக இறுகாத பழைய சேற்றிலிருந்து இவற்றைப் பிரித்தெடுப்பதற்கு அறிவியலார் எளிய முறையொன்றைக் கையாள்கின்றனர். சேற்றை நீரிலிட்டுக் கரைத்து நுண்ணிய சல்லடையில் அலசுவர். சல்லடையில் எஞ்சியதை மண்ணெண்ணெயில் பிசறி, அதன்மேல் நீரை ஊற்றுவர். பூச்சித் துண்டுகளில் மண்ணெண்ணெய் பற்றிக்கொள்வதால் அவை மேலே மிதக்கும். மணலும் மற்றவையும் பெரும்பாலும் அடியில் தங்கிவிடும். பல்லாயிரம் ஆண்டுகளாக மண்ணில் கிடந்த சிறகுறைகள், நேற்று உதிர்ந்தவைபோல மின்னிக்கொண்டு மேலே வருவதும் உண்டு.

நம் ஊரில் கிடைக்குமா?

ராஜகீழ்ப்பாக்கத்துப் பாறையை உடைத்துப் பார்த்தால் பண்டைக்கால நீர்வண்டு கிடைக்குமா என்று நீங்கள் கேட்கலாம். கிடைக்காது. அதற்குரிய காரணமும் அறியத்தக்கது. பரங்கிமலை, பல்லாவரம் முதலிய குன்றுகளில் உள்ள கரும்பாறைக்குச் சார்னோக்கைட் என்பது பெயர். தாமஸ் ஹாலண்டு என்னும் நிலநூலறிஞர் இப்பாறையை ஆராய்ந்து, கல்கத்தாவில் உள்ள ஜாப் சார்னாக் என்பவரின் கல்லறைக் கல்லும் இவ்வகையே என்பதுகொண்டு இப்பெயரை இட்டார். இப்பாறை நிலத்தின் ஆழத்தில், கடும் வெப்பத்திலும் பெரும் அழுத்தத்திலும் உருவானது. இதன் வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள். உலகில் வண்டுகள் தோன்றியதோ ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முன்னர்தான். ஆகவே, வண்டு என்னும் உயிரே தோன்றாத காலத்துப் பாறையில் வண்டைத் தேடுவது வீண்முயற்சியாகும்.

புதைபடிவம் வேண்டுமாயின், நீரின் அடியில் படிந்து உருவான பாறையை நாடவேண்டும். அத்தகைய பாறை தாம்பரத்திற்கு மேற்கே, திருப்பெரும்புதூர்ப் பக்கத்தில் உண்டு. அங்குள்ள படிவுப் பாறைகளில் பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட செடிகளின் இலைகள் அச்சாகப் பதிந்துள்ளன. இந்திய நாட்டில் புதைபடிவ வண்டுகளைக் கண்டெடுத்துப் பெயரிட்ட பழைய வரலாறு ஒன்றை அறிய, நாம் இன்னும் வடக்கே நாகபுரி வரை செல்லவேண்டும்.

நாகபுரியின் வண்டுகள்

19-ஆம் நூற்றாண்டின் நடுவில் நாகபுரியில் ஸ்டீபன் ஹிஸ்லாப் என்னும் ஸ்காத்லாந்து நாட்டுப் பாதிரியார் வாழ்ந்துவந்தார். பள்ளி நடத்துவது அவருடைய பணி. கற்களையும் புதைபடிவங்களையும் திரட்டுவது அவருடைய ஆர்வம். நண்பர் இராபர்ட் ஹன்டருடன் சேர்ந்து அவர் நாகபுரிச் சுற்றுப்புறத்தின் நிலவியல்பை ஆராய்ந்தார். தக்காண நிலப்பரப்பில் எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காகப் பரவிய காலத்தில், ஒரு பரவலுக்கும் அடுத்த பரவலுக்கும் இடையே பன்னெடுங்காலம் கழிந்தது. அவ்விடைக்காலங்களில் ஆங்காங்கே நன்னீர் ஏரிகள் தோன்றின. அவ்வேரிகளில் படிந்த சேறு, அடுத்து வந்த எரிமலைக் குழம்பின் கீழ் மூடுண்டு கல்லாயிற்று. நாகபுரியை அடுத்த தாக்ளி என்னுமிடத்தில் இத்தகைய கல்லிலிருந்து நத்தை ஓடுகளும், கனிகளும் விதைகளும், வண்டுகளின் துண்டுகளும் கிடைத்தன. அவற்றின் வயது ஏறத்தாழ 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகள் என்று இக்காலத்தில் கணக்கிடுகின்றனர்.

வண்டுத் துண்டுகள் ஆண்டிரூ மர்ரே என்னும் பூச்சியியல் அறிஞரிடம் சேர்ந்தன. அவர் அவற்றை ஆராய்ந்து, 1860-ஆம் ஆண்டில் இலண்டன் நிலவியல் கழகத்தின் இதழில் கட்டுரை வெளியிட்டார். ஒரு வண்டிற்கு ஹிஸ்லாப்பின் பெயரையும், மற்றொன்றிற்கு ஹன்டரின் பெயரையும் இணைத்து, 'லோமாட்டஸ் ஹிஸ்லாப்பி' என்றும் 'மெரிஸ்டாஸ் ஹன்டெரி' என்றும் பெயரிட்டார். முன்னதைப் பொன்வண்டுக் குடும்பத்திலும், பின்னதைக் கூன்வண்டுக் குடும்பத்திலும் சேர்த்தார். இங்கே ஒரு வியப்பைக் காணலாம். இவ்விரண்டும் நீர்வண்டுகள் அல்ல. செடியையும் மரத்தையும் சார்ந்து வாழும் நிலவண்டுக் குடும்பங்களைச் சேர்ந்தவை. எனினும் அவற்றைக் காத்துத் தந்தது ஏரிச்சேறே. ஏரி தன்னுள் வாழும் உயிர்களோடு, தன் கரையில் வாழ்ந்து தன்னுள் வீழ்ந்த உயிர்களின் வரலாற்றையும் சேர்த்தே எழுதிவைக்கிறது.

ஹிஸ்லாப் 1863-ஆம் ஆண்டில், நாகபுரியை அடுத்த ஓர் ஆற்றைக் கடக்கும்போது வெள்ளத்தில் சிக்கி உயிர்நீத்தார். அவர் பெயர்தாங்கிய கல்லூரி இன்றும் நாகபுரியில் நடைபெறுகிறது. அவர் பெயர்தாங்கிய வண்டும் அறிவியல் நூல்களில் வாழ்கிறது.

பெயரிடும் முறை

புதிய இனத்தை விவரிப்பது எங்ஙனம்? ஒரு சிறகுறை நம் கைக்குக் கிடைத்ததாகக் கொள்வோம். முதலில் அதனைத் தூய்மை செய்து, நுண்ணோக்கியின் கீழ் வைத்து, நீளத்தையும் அகலத்தையும் மில்லிமீட்டரில் அளக்க வேண்டும். பின்னர் அதன்மேலுள்ள வரிப்பள்ளங்கள் எத்தனை, அவற்றில் புள்ளிக் குழிகள் எவ்வாறு அமைந்துள்ளன, ஓரம் வளைந்துள்ளதா நேராக உள்ளதா, மேற்பரப்பு வழவழப்பானதா மணிமணியானதா என்பனவற்றைக் குறிக்க வேண்டும். பார்த்தவாறே படம் வரைய வேண்டும். 'அழகியது', 'பெரியது' போன்ற சொற்களுக்கு இங்கே இடமில்லை. படிப்பவர் அப்பொருளைக் காணாமலே அதனை மனத்தில் வரைந்துகொள்ளுமாறு விவரிப்பு அமையவேண்டும்.

அடுத்து வருவது ஒப்பீடு. இதுவே பெயரிடும் பணியின் உயிர்நிலை. முன்னரே அறியப்பட்ட, இதனோடு உறவுடைய இனங்கள் அனைத்தையும் எடுத்து, இஃது எந்த எந்த அடையாளத்தால் அவற்றினின்றும் வேறுபடுகிறது என்று காட்டவேண்டும். அவ்வேறுபாடு நிலையானதுதானா என்றும் நோக்கவேண்டும். ஒரே இனத்துள்ளும் ஆணும் பெண்ணும் வேறுபடும். பெரியதும் சிறியதும் உண்டு. மண்ணின் அழுத்தத்தால் நசுங்கி வடிவு மாறியதும் உண்டு. இவ்வேறுபாடுகளைப் புதிய இனத்தின் அடையாளமாக மயங்குதல் கூடாது.

இவ்வளவும் முடிந்த பின்னரே பெயர். விலங்குகளுக்குப் பெயரிடும் முறை, சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் 1758-இல் வெளியிட்ட நூற்பதிப்பைத் தொடக்கமாகக் கொண்டது. பெயர் இருசொற்களால் ஆனது. முதற்சொல் பேரினத்தையும் இரண்டாம் சொல் சிற்றினத்தையும் குறிக்கும். நாம் குடும்பப் பெயரோடு நம் பெயரைச் சேர்த்துச் சொல்வது போன்றது இது. எந்தப் பொருளைக்கொண்டு பெயரிடப்பட்டதோ, அப்பொருளுக்கு மூலமாதிரி என்பது பெயர். அதனை எண்ணிட்டு அருங்காட்சியகம் போன்ற பொதுநிலையத்தில் சேர்த்துவைப்பது முறை. பிற்காலத்தில் ஐயம் எழுந்தால், எவரும் அதனை எடுத்துப் பார்த்துச் சரிபார்க்கலாம். ஓர் இனத்திற்கு இரண்டு பெயர்கள் அமைந்துவிட்டால், முன்னர் இட்ட பெயரே பொதுவாக நிலைபெறும்.

ஆகவே, புதிய இனத்தின் பெயரென்பது ஒருவர் உலகின்முன் வைக்கும் ஒரு கூற்று. 'நான் இவ்வாறு கண்டேன், இதோ பொருள், இதோ என் காரணங்கள், நீங்களும் பாருங்கள்' என்பதே அதன் உட்பொருள். அக்கூற்று பிழைபடவும் கூடும். அவ்வாறு பிழைபட்டுப் பின்னர்த் திருந்திய ஒரு நீர்வண்டின் வரலாற்றை இனிக் காண்போம்.

இறந்ததென்று எண்ணிய வண்டு

ஐரோப்பாவில், இன்றைய உக்கிரேன் நாட்டின் மேற்குப் பகுதியில் போரிஸ்லாவ் என்னும் ஊர் உளது. நிலவெண்ணெயும் நிலமெழுகும் தோண்டப்பெற்றதால் புகழ்பெற்ற ஊர் அது. அங்கே பனியுகத்து மண்ணிலிருந்து வண்டுகளின் எச்சங்கள் பல கிடைத்தன. லோம்னிக்கி என்னும் போலந்து அறிஞர் அவற்றை ஆராய்ந்து, 1894-ஆம் ஆண்டில் நூலொன்றை வெளியிட்டார். அவற்றுள் 'ஹெலோஃபோரஸ்' என்னும் பேரினத்து நீர்வண்டுகள் பல இருந்தன. இவை சில மில்லிமீட்டர் நீளமே உடைய சிறு வண்டுகள். குளங்குட்டைகளின் ஓரத்தில், ஆழமில்லா நீரில் ஊர்ந்து வாழ்பவை. முன்முதுகுத் தகட்டின்மேல் நீளவாக்கில் ஐந்து பள்ளங்கள் ஓடுவதே இப்பேரினத்தின் தெளிவான அடையாளம். எனவே தகடு ஒன்று கிடைத்தாலும் பேரினத்தைக் கூறிவிடலாம். சிற்றினத்தைக் கூறுவதுதான் கடினம்.

லோம்னிக்கி அவற்றுட் சிலவற்றைப் புதிய இனங்கள் எனக் கொண்டு பெயரிட்டார். அப்பெயர்களுள் ஒன்று 'ஹெலோஃபோரஸ் பிரீநானஸ்' என்பது. ஐரோப்பாவில் வாழும் 'நானஸ்' என்னும் இனத்திற்கு 'முற்பட்டது' என்ற கருத்தை அப்பெயரே தாங்கியுள்ளது. பனியுகத்து மண்ணில் கிடைத்த வண்டு, இக்கால வண்டிற்கு முன்னோனாக இருக்கும் என்று எண்ணுவது இயல்பே அன்றோ?

ஆண்டுகள் பல கடந்தன. இராபர்ட் ஆங்கஸ் என்னும் ஆங்கிலேய அறிஞர் ஹெலோஃபோரஸ் பேரினத்தின் உயிருள்ள வண்டுகளை நன்கு கற்றவர். அவர் போரிஸ்லாவ் வண்டுகளை மீண்டும் எடுத்து, இங்கிலாந்தின் பனியுகப் படிவுகளில் கிடைத்தவற்றோடும், உயிருள்ள இனங்களோடும் ஒப்பிட்டார். லோம்னிக்கி இட்ட பெயர்களை மறு ஆய்வு செய்து, 1973-ஆம் ஆண்டில் இலண்டன் அரசக் கழகத்தின் வெளியீட்டில் நெடிய கட்டுரை எழுதினார். இத்தகைய ஆராய்ச்சிகளின் பயனாக ஓர் உண்மை வெளிப்பட்டது. பிரீநானஸ் அழிந்துபோன முன்னோன் அன்று. அவ்வண்டு சைபீரியாவில் இன்றும் உயிரோடு வாழ்கிறது! புதைபடிவத்திற்கு 1894-இல் இட்ட பெயரையே, முந்திய பெயர் என்ற முறையில், உயிருள்ள வண்டும் இன்று தாங்கி நிற்கிறது.

லோம்னிக்கி கவனக்குறைவால் தவறினார் என்று நாம் கருதலாகாது. தொலைவிலுள்ள சைபீரியாவின் குட்டைகளில் எவ்வெவ் வண்டுகள் வாழ்கின்றன என்பது அக்காலத்தில் முற்றும் அறியப்படவில்லை. ஒப்பிட வேண்டிய உயிருள்ள வண்டு அவர் கைக்கு எட்டவில்லை. அவர் படம் வரைந்து, விவரித்து, பொருளையும் காத்து வைத்ததனாலன்றோ பின்வந்தோர் அவர் கூற்றைச் சோதித்து உண்மை காண முடிந்தது?

மாறாத வடிவம்

இதே பேரினத்தில் இன்னும் வியப்பான செய்தியொன்று உண்டு. மோச்சுல்ஸ்கி என்னும் இரஷ்ய அறிஞர், நாகபுரி வண்டுகள் பெயர் பெற்ற அதே 1860-ஆம் ஆண்டில், உயிருள்ள நீர்வண்டு ஒன்றிற்குச் 'சிபிரிக்கஸ்' என்று பெயரிட்டார். வட ஐரோப்பாவிலிருந்து சைபீரியா வழியாக அலாஸ்கா வரை பரவியுள்ள இனம் அது. பிற்காலத்தில் சைபீரியாவின் கர்த்தஷேவோ என்னுமிடத்துப் படிவில் ஹெலோஃபோரஸ் வண்டின் புதைபடிவம் ஒன்று கிடைத்தது. அப்படிவின் வயது 1 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்குக் குறையாது; 2 கோடியே 30 இலட்சம் வரையும் இருக்கலாம்.

இவ்வளவு பழமையான பூச்சியைக் கண்டவுடன், 'இஃது அழிந்துபோன புதிய இனம்' என்று பெயரிட எவர்க்கும் மனம் எழும். ஆனால் ஃபிகாச்செக், புரோக்கின், ஆங்கஸ் ஆகிய மூவரும் அவ்வாறு விரையவில்லை. உயிருள்ள வண்டுகளோடு அதனை உறுப்புத்தோறும் ஒப்பிட்டுப் பார்த்தனர். சிபிரிக்கஸிலிருந்து அதனைப் பிரித்துக் காட்டுதற்கு எந்த அடையாளமும் கிடைக்கவில்லை. ஆகவே 2011-ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில், அதற்குப் புதுப்பெயர் இடாமல் உயிருள்ள இனத்தின் பெயரையே வழங்கினர். புதிய இனம் கண்டார் என்ற புகழைவிட, உண்மை கண்டார் என்ற பெயரே அவர்களுக்குப் பெரிதாயிற்று. அதனால் உலகம் பெற்ற செய்தியும் பெரிது. மலைகள் உயர்ந்து, பனியுகங்கள் வந்துபோன அந்நெடுங்காலம் முழுவதும், ஒரு சிறு வண்டு தன் வடிவம் மாறாமல் வாழ்ந்து வந்துள்ளது என்று நாம் அறிகிறோம்.

இதனால் பயன் யாது?

ஒரு வண்டின் பெயர் சரியாக இருந்தால் என்ன, தவறாக இருந்தால் என்ன என்று சிலர் நினைக்கலாம். ரசல் கூப் என்னும் ஆங்கில அறிஞரின் பணி இதற்குத் தக்க விடையாகும். அவர் இங்கிலாந்தின் பனியுகப் படிவுகளிலிருந்து வண்டுகளைத் திரட்டினார். அவற்றுள் மிகப் பெரும்பாலானவை இன்றும் உலகின் ஏதோ ஒரு பகுதியில் வாழும் இனங்களே என்று கண்டார். இங்கிலாந்துப் படிவில் கிடைத்த ஒருவகைச் சாணவண்டு, இப்போது திபெத்து நாட்டின் உயர்ந்த மேட்டுநிலத்தில் வாழ்கிறது என்பதை 1973-இல் வெளியிட்டார். திபெத்தின் குளிரை விரும்பும் வண்டு ஒருகாலத்தில் இங்கிலாந்தில் வாழ்ந்ததெனின், அக்காலத்து இங்கிலாந்து எத்துணைக் குளிர்ந்திருக்க வேண்டும்! உயிருள்ள வண்டு எவ்வளவு வெப்பத்தையும் எவ்வளவு குளிரையும் தாங்கும் என்று அறிந்துகொண்டு, அதனைக்கொண்டு பண்டைக்காலத்துத் தட்பவெப்பத்தைக் கணிக்கும் முறை இவ்வாறு வளர்ந்தது.

இங்கே பெயரின் அருமை தெற்றென விளங்கும். அச்சாணவண்டை 'அழிந்துபோன இனம்' என்று பிழையாகப் பெயரிட்டிருந்தால், அது குளிரைப் பற்றி நமக்கு எதனையும் கூறியிராது, வாயிருந்தும் ஊமையாகியிருக்கும். சரியான பெயர் கிடைத்தபோதுதான் அது பேசத் தொடங்கியது. இறந்த வண்டின் மொழியைப் பெயர்த்துச் சொல்ல உயிருள்ள வண்டு ஒன்று வேண்டும். உயிருள்ளதை அறியாதவர் இறந்ததை அறிய இயலாது.

நம் ஏரியும் நாமும்

இனி மீண்டும் ராஜகீழ்ப்பாக்கத்து ஏரிக்கரைக்கு வருவோம். சேலையூர், மாடம்பாக்கம், செம்பாக்கம் என இவ்வட்டாரத்தில் ஏரிகள் பல உள்ளன. நம் முன்னோர் வயலுக்கு நீர் பாய்ச்சுவதற்காக மழைநீரைத் தேக்கிய இவ்வேரிகளுக்கு வடகிழக்கே பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் பரந்து கிடக்கிறது. உலகளவில் காக்கத்தக்க ஈரநிலங்களுள் ஒன்றாக 2022-ஆம் ஆண்டில் அது ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பெற்றது. ஏரிகளோ நகரம் வளர வளர நெருக்கப்படுகின்றன. குப்பை கொட்டுவதாலும் கழிவுநீர் கலப்பதாலும் நீர் கெடும்போது, முதலில் மறைவனவற்றுள் சிறு பூச்சிகளும் அடங்கும். பறவை வாராது போனால் ஊரார் அறிவர். ஒரு நீர்வண்டு இல்லாமற்போனால் எவரே அறிவர்?

அவ்வண்டு மறைந்துபோகுமுன் அதனை ஒருவர் பார்த்து, படம் வரைந்து, பெயரறிந்து குறித்துவைத்திருந்தால், அது நாட்டின் அறிவுச் செல்வமாக நிலைக்கும். நம் நாட்டில் இப்பணிக்கென 1916-ஆம் ஆண்டில் இந்திய விலங்கியல் அளவைத்துறை தோற்றுவிக்கப்பட்டது. அதன் தென்மண்டல நிலையம் சென்னையில் உள்ளது. 1851-இல் தொடங்கப்பெற்ற சென்னை அரசு அருங்காட்சியகமும் எழும்பூரில் நமக்கு அண்மையில் இருக்கிறது. எனினும் ஒவ்வோர் ஊரின் ஒவ்வொரு நீர்நிலையையும் அறிஞர் சிலரே சுற்றிவந்து பார்த்துவிட இயலாது. அவ்வூரில் வாழ்வோரின் கண்களும் வேண்டும்.

மாணவர்களே, இதற்குப் பெரிய கருவிகள் எவையும் தேவையில்லை. ஒரு கைவில்லை, ஓர் அளவுகோல், ஒரு குறிப்பேடு, பொறுமை ஆகியன போதும். பெரியவர் ஒருவரின் துணையோடு பாதுகாப்பான கரையில் நின்று, நீர்வண்டுகளை உற்று நோக்குங்கள். கண்ட நாளையும் இடத்தையும் தவறாமல் குறியுங்கள். அவ்வண்டு கால்களை ஒருங்கே உதைக்கிறதா, மாற்றி மாற்றி அசைக்கிறதா என்று பாருங்கள். தலையை நீட்டி மூச்சு வாங்குகிறதா, வால்முனையை நீட்டுகிறதா என்று பாருங்கள். காணாததைக் கண்டதாக எழுதாதீர்கள். ஐயமுள்ள இடத்தில் ஐயம் என்றே எழுதுங்கள். லோம்னிக்கியின் வண்டு உயிர்பெற்று எழுந்ததும், சிபிரிக்கஸ் தன் பழம்பெயரை இழவாதிருந்ததும் இத்தகைய நேர்மையான குறிப்புகளாலேயே.

இன்று மாலையும் ராஜகீழ்ப்பாக்கத்து ஏரியின் அடியில் சேறு மெல்லப் படிந்துகொண்டிருக்கிறது. இவ்வாண்டு இறந்த வண்டின் சிறகுறை ஒன்று அதில் புதையலாம். நெடுங்காலம் கழித்து ஒருவர் அதனைத் தோண்டியெடுத்து, 'இவ்வூர் அக்காலத்தில் எவ்வாறு இருந்தது?' என்று அதனை வினவக்கூடும். அன்று அதற்கு விடைகூறத் துணைநிற்பவை இரண்டு. அவற்றுள் ஒன்று, நாம் இன்று எழுதிவைக்கும் உண்மையான குறிப்பு. மற்றொன்று, நாம் அழியாமற் காத்த உயிருள்ள வண்டு. இவ்விரண்டையும் பின்வரும் தலைமுறைக்கு விட்டுச்செல்வது நம் கடமையாகும்.